எவாலும் ஒரு கமாவும்

ஹட்டனில் கடை வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், கடன் கொப்பியில எழுதுற கூட்டல அப்படியே பைதன்ல போட்டா விடை வருமா? எவால் போதுமாம். நீயும் அதத்தானே பாவிக்கிற?"

பாவிக்கிறேன்தான், நாலு வருஷமாக. எவால் (eval) என்றால் பைதன் நிரல்மொழியில், எழுத்தாகக் கொடுக்கும் வரியை ஓட்டி விடை சொல்லும் கட்டளை. சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து எடுக்கிற மாமாவுக்கு நான்தான் கணக்கு. ஒவ்வொரு பெயருக்கும் நேரே 18.5+22+9-3*0.5 என்று எழுத்தாகவே வைத்திருப்பேன். மூன்று சாக்கு, சாக்குக்கு அரைக் கிலோ கழிவு. எவாலிடம் கொடுத்தால் 48.0 என்று சொல்லிவிடும். எனக்குப் பிடித்தது விடைகூட இல்லை, அந்த வரி அழியாமல் கிடப்பதுதான். மாதக் கடைசியில் "எங்க தம்பி என் ஒன்றரைக் கிலோ?" என்று ஒரு அக்கா வந்து நின்றால், வரியைக் காட்டி "இது சாக்குக் கழிவு அக்கா" என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்தக் கமா! முற்பணக் கணக்கு என்று மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய 1,250+300ஐ அப்படியே ஒட்டினேன். வரவேண்டியது 1550. வந்தது (1, 550). பைதனுக்குக் கமா என்றால் இரண்டு தனிப் பொருள்கள்: ஒன்று 1, மற்றது 250+300. அதன் இலக்கணப்படி சரி, குற்றம் சொல்ல வழியில்லை. பிழை என்று கத்தியிருந்தால் மன்னித்திருப்பேன், வாயே திறக்கவில்லை. துண்டில் அச்சானதைப் பார்த்து மாமாதான் கேட்டார்: "இது என்னடா, போன் நம்பரா?"

முன்னால் பூச்சியம் வைத்து 08+12 என்று எழுதினால் மட்டும் பைதன் 3 உடனே மறுத்துவிடும். நல்ல குணம். பழைய பைதன் 2இல் 010 என்றால் எட்டு, முன்னால் பூச்சியம் இருந்தால் எட்டை அடியாகக் கொண்ட எண் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் கட்டளைத் திரையில் ஓடும் பாஷில் (bash) இன்றும் அப்படித்தான். பாஷின் கணக்கில் தசமமும் கிடையாது, 7/2 என்றால் 3. எங்கள் ஆட்கள் அரைக் கிலோவை விடுவார்களா?

அப்புறம் பயம். எவால் கணக்கோடு நிற்காது. கொடுத்த எழுத்து கோப்பை அழிக்கும் கட்டளையாக இருந்தாலும் ஓட்டும். மற்றவர்கள் அனுப்பும் வரியை ஒட்டத் தொடங்கிய பிறகுதான் இது உறைத்தது. வெறும் மதிப்புகளை மட்டும் வாசிக்கும் லிட்ரல் எவாலைப் (literal_eval) போட்டுப் பார்த்தேன், 2+3ஐக்கூடக் கூட்டமாட்டேன் என்றது. கடைசியில் வரியின் இலக்கண அமைப்பைக் காட்டும் பைதனின் ஏஎஸ்டி (ast) வைத்து வரியைப் பிரித்து, எண்ணும் நாலு கணக்குக் குறியும் தவிர எது வந்தாலும் திருப்பி அனுப்புகிற சின்ன நிரல் எழுதினேன். கமாவுக்கும் அதே கதி.

நண்பனிடம் எவாலைத் தொடவே தொடாதே என்றேன். புது நிரல் வீட்டு மடிக்கணினியில் கிடக்கிறது. தராசடியில் போனில் இருப்பது பழைய எவால்தான், நேற்று மழைக்குள் நின்று கணக்குப் போட்டதும் அதில்தான். கமா இல்லாமல்.