ட்ரிப் காசா, மாதச் சம்பளமா, ரியாலா?

“அண்ணே, டெல்லி ட்ரிப்புக்கு முப்பதாயிரம் தர்றாங்க. மாசம் ரெண்டு ட்ரிப் அடிச்சா அறுபது” என்று லாரி டிரைவராகப் போன சின்னம்மா மகன் சொன்னபோது நானும் நம்பினேன். காரைக்குடியிலிருந்து டெல்லி 2,500 கிலோமீட்டருக்கு மேல். பாரத்தோடு ஒற்றை டிரைவர் ஒரு நாளைக்கு 300, மிஞ்சினால் 350 கிலோமீட்டர் ஓட்டலாம். போக எட்டு நாள், வர எட்டு நாள். அங்கே ரிட்டர்ன் லோடுக்குக் காத்துக் கிடந்தது, இங்கே வந்து இறக்கியது, அடுத்த லோடு கிடைக்கும்வரை நின்றது எல்லாம் சேர்த்து அவனுடைய முதல் ட்ரிப் 26 நாளைத் தின்றது.

வழியில் சாப்பாடு, டீ, குளியல், தார்ப்பாய் கட்டியவர்களுக்குக் கூலி, மறித்துக் கைநீட்டியவர்களுக்கு என்று 9,000 ரூபாய் போனது. வீட்டுக்கு வந்தது 21,000. நாளுக்கு 800 ரூபாய் சொச்சம். எங்கள் ஊரில் கொத்தனார் இதைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டு ராத்திரி வீட்டில் படுக்கிறார்.

அதனால் லாரி வருமானத்தை ட்ரிப் கணக்கில் பார்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கிளம்பிய நாளிலிருந்து அடுத்த ட்ரிப்புக்குக் கிளம்பும் நாள்வரை எண்ணி, கைக்கு வந்ததை அதனால் வகுக்க வேண்டும். பேரேடும், சொத்தையும் கடனையும் ஒப்பிடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய செட்டிநாட்டுச் சீமை இது. கடல் தாண்டிக் கடை வைத்தவர்கள் வரவை மட்டும் எழுதி லாபம் என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடு முழுக்க ஓட அனுமதி உள்ள நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதி 2018இல் போய்விட்டது. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டியதை இப்போது ஒருவர் ஓட்டுகிறார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு போட்டது. வடக்கே போகிற லைனில் அந்த வரம்பைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. தூக்கத்தை விற்றுத்தான் அந்த 800 ரூபாய் வருகிறது.

சரி, பார்சல் சர்வீஸ் லைன் எப்படி? இங்கிருந்து சென்னை 400 கிலோமீட்டர் சொச்சம், ஒரே ராத்திரி ஓட்டம். மாதம் 18,000 சம்பளம், வழிச் செலவுக்கு ராத்திரிக்கு 300 பேட்டா, 22 ராத்திரி என்று வைத்துக்கொள்வோம். பேட்டாவில் பாதி சாப்பாட்டுக்குப் போகும். 15,000 உச்சவரம்பில் பிஎஃப் பிடித்தால் 1,800, இஎஸ்ஐ 135 போக, கையில் 19,000 ரூபாய் சொச்சம் நிற்கும். கேட்க டெல்லி ட்ரிப்பைவிடக் குறைவுதான். ஆனால் பிஎஃப்பில் முதலாளி பங்கும் சேர்த்து மாதம் 3,600 டிரைவர் பெயரில் ஏறுகிறது, அதில் ஒரு பகுதி பென்ஷனுக்கு. அதையும் கூட்டி மாதத்தின் 30 நாளுக்கும் வகுத்தால் 765 ரூபாய், ஓட்டிய 22 ராத்திரிக்கு மட்டும் வகுத்தால் 1,040 ரூபாய் சொச்சம். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐயில் மனைவி, பிள்ளைகளுக்கும் வைத்தியம் உண்டு. இடுப்புவலியும் சர்க்கரையும் நாற்பது வயதிலேயே வந்துவிடுகிற தொழிலில் இது சின்ன விஷயமில்லை.

வளைகுடா டிரெய்லர் வேலைதான் உண்மையிலேயே பெரிய தொகை. சவுதியில் 2,000 ரியால் சம்பளம், ரியாலுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் 46,000. சாப்பாடு, போன் செலவு போக 1,450 ரியால் அனுப்பினால் ஊருக்கு 33,350 வரும். ஆனால் கேமராவில் விழும் அபராதத்தைச் சம்பளத்தில் பிடிப்பார்களா, அங்கே லைசென்ஸ் கைக்கு வரும்வரை சம்பளம் உண்டா என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சத்துக்கு மேல் கேட்கும் புரோக்கரிடம் நகையை அடகு வைத்துக் கொடுத்தால், முதல் நாலு மாதம் அந்தக் கடனுக்கே ஓட்ட வேண்டும். பத்தாவது தேறாதவர்களுக்கு அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை. அதோடு எடுக்கும், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி காப்பீட்டில் 10 லட்சம் ரூபாய் பாதுகாப்பு கிடைக்கிறது. விசிட் விசாவில் போய் வேலை தேடுகிறவருக்கு இது எதுவும் இல்லை.

அந்தக் காலத்தில் செட்டியார்கள் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கடைக்கு ஆள் அனுப்பியது மூன்று வருஷத் தவணையில். வளைகுடாவுக்கும் அதே மாதிரி தவணை வைத்துக்கொண்டு போனால் நல்லது. மூன்று வருஷம், இவ்வளவு தொகை, அப்புறம் ஊர்.

அமெரிக்காவுக்கே போகலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க லாரி டிரைவரின் இடைநிலைச் சம்பளம் 2024 மே கணக்கில் வருஷத்துக்கு 57,440 டாலர். அங்கே மைலுக்கு இவ்வளவு என்று கூலி, அங்கத்திய வாடகை, அங்கத்திய வரி. போதாததற்கு 2025 ஆகஸ்டில் லாரி டிரைவர்களுக்கான வேலை விசாவையே நிறுத்திவைத்தார்கள். அந்தக் கனவுக்கு யாரிடமும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

சொந்த லாரி? லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் டெல்லி ஒருவழிக்கே 650 லிட்டர் டீசல், 60,000 ரூபாய். அதற்குமேல் டோல், டயர், இன்சூரன்ஸ், வண்டித் தகுதிச் சான்று (எஃப்சி), மாதத் தவணை. மூன்று மாதம் லோடு இல்லாவிட்டாலும் தவணை கட்ட முடிகிறவர் மட்டும் இறங்கலாம்.

கல்யாணமாகாத, கடனில்லாத 25 வயசுப் பையனென்றால் முறையான வழியில் வளைகுடா போ என்பேன். பிள்ளை குட்டி உள்ளவருக்குப் பார்சல் லைன். வடக்கு ட்ரிப்தான் என்றால், சாவியை வாங்கும் முன் முதலாளியிடம் மூன்றைக் கேளுங்கள்: லோடு இல்லாமல் நிற்கும் நாளுக்கு பேட்டா உண்டா? ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றினால் உடைசல் யார் கணக்கில்? பிஎஃப் நம்பர் எப்போது வரும்? என் தம்பி மூன்றையும் கேட்கவில்லை. உடைந்த கல்லுக்கு இரண்டாவது ட்ரிப்பில் 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.