ஓட்டமா, சைக்கிளா, நீச்சலா: கோடையின் முதல் 15 நாட்கள்

வெயில் ஏறத் தொடங்கிய வாரம் அது. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் ஓடி முடிக்கும் 10 கிலோமீட்டர் பாதையில், 7-வது கிலோமீட்டரிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டேன். கால் வலி இல்லை, சுளுக்கு இல்லை. உடம்பு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு 30 கிலோமீட்டர் சுற்றி வந்தேன்; களைப்பே தெரியவில்லை. மறுநாள் நீச்சல் குளம். அது இன்னும் சுகம். சரி, கோடை முடியும்வரை ஓட்டத்துக்கு விடுமுறை, மற்ற இரண்டும் போதும் என்று முடிவுகட்டினேன்.

அது தப்பு என்று புரிய ஒன்றரை மாதம் ஆனது. நண்பர்களோடு ஒரு மலைப்பாதையில் ஏறப் போயிருந்தோம். மணி 9 தாண்டியிருந்தது. என்னைவிடப் பாதிகூடப் பயிற்சி செய்யாத ஒருவன் பேசிக்கொண்டே ஏறுகிறான். நான் நிழல் கண்ட இடமெல்லாம் நிற்கிறேன். அந்தக் கோடையில் அவன் செய்தது ஒன்றுதான்: தினமும் அரை மணி நேரம், மெதுவாக, வெளியில் ஓடியது. நான் செய்யாததும் அதுதான்.

இந்த மூன்றில் எது உசத்தி என்ற சண்டை பழையது. 1977-ல் ஹவாயில் ஓட்டக்காரர்களும் நீச்சல்காரர்களும் யாருக்கு உடல்வலு அதிகம் என்று வாதம் செய்துகொண்டிருக்க, அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜான் காலின்ஸ், சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸின் பெயரை நடுவே இழுத்துவிட்டார். அவர் உடல் உள்வாங்கும் ஆக்சிஜன் அளவை எவரும் தொட்டதில்லை என்பது காலின்ஸின் கட்சி. பேசித் தீராததால் மூன்றையும் ஒரே நாளில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. 1978 பிப்ரவரி 18 அன்று நடந்த முதல் அயர்ன்மேன் போட்டி அப்படிப் பிறந்ததுதான்: சுமார் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 நொடி பிடித்தது. இத்தனைக்குப் பிறகும் சண்டை தீரவில்லை என்பது வேறு விஷயம்.

கோடைத் தொடக்கத்தில் எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. எத்தனை கலோரி எரிகிறது என்ற கணக்கிலும் பெரிதாக இல்லை. எது உடம்புக்கு வெயிலைப் பழக்குகிறது என்பதுதான் என் கேள்வி. உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் சில நாட்களிலேயே ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. அப்புறம் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதிகமாகவும் சுரக்கிறது, அதில் கரைந்து போகும் உப்பு குறைகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு முன்பைவிடக் கீழே நிற்கிறது. இத்தனையும் நடக்க ஒரு நிபந்தனை உண்டு: உடம்பு உள்ளே சூடாக வேண்டும். மூன்றும் பிரிகிற இடம் இதுதான்.

முதலில் ஓட்டம். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் ஓடிக் கடத்த ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ ஆள் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் 600 கிலோகலோரி. தசைகள் இதில் கால்பங்கை வேலையாக மாற்றினாலே பெரிது, மிச்சமெல்லாம் வெப்பம். ஆக, ஒரு மணி நேரத்தில் 450 கிலோகலோரி அளவுக்கு வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோகலோரி போகும். காற்று தன் பங்குக்குக் கொஞ்சம் கொண்டுபோனாலும் ஏறக்குறைய முக்கால் லிட்டர் வியர்வை ஆவியாகியே தீர வேண்டும் என்று வருகிறது. "ஆவியாகி" என்பதுதான் முக்கியம். முகவாயிலிருந்து சொட்டி மண்ணில் விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. புழுக்கமான நாளில் சட்டை பிழியப் பிழிய நனைந்தும் சூடு குறையாதது இதனால்தான்.

ஓடுகிறவருக்குக் கிடைக்கும் காற்றும் கம்மி. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் படுவது மெல்லிய காற்று. அதே வேகத்தில் பின்னாலிருந்து காற்று வீசினால் நம்மைச் சுற்றியிருக்கும் காற்று நம்மோடேயே வரும், அசையாத அறைக்குள் ஓடுவதுபோல. இதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: உடம்பு சூடாகாத போகும்வழிக்குப் பின்காற்று, சூடேறித் திரும்பும்போது எதிர்காற்று. குளிர்காலத்தில் செய்வதற்கு நேர்தலைகீழ்.

ஓட்டத்தின் குறை காலில் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் பாதத்தில் இறங்குவது உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் அடி. நாள் நீள்கிறது, வெளிச்சம் இருக்கிறதே என்று ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர்களுக்குக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே உள்ளெலும்பு ஓரம் வலிக்க ஆரம்பிக்கும். தொடை உராய்வு இன்னொன்று. வியர்வையின் உப்பு காய்ந்து தோலில் படிந்தபின் ஒவ்வொரு அடியும் உப்புத்தாள்தான். ஓடக் கிளம்புமுன் கொஞ்சம் வாஸ்லின் தடவியிருந்தால் வராத துன்பம் இது. குளிக்கும்போது கத்திய பிறகுதான் எனக்கு ஞாபகம் வரும்.

சைக்கிள் பெரிய ஏமாற்றுக்காரன். நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வியர்வை தோலில் தெரிவதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு மிதிப்போம். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் வாரில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. அதுவரை எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. சிக்னலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: காற்று நின்றதும் நெற்றியிலிருந்து ஆறாகக் கொட்டும். மேட்டில் ஏறும்போதும் இதே கதை. உழைப்பு உச்சத்தில், வேகம் நடைவேகத்தில், காற்று பூஜ்யத்தில். கோடையில் சைக்கிள்காரர் தலைசுற்றி உட்காருகிற இடம் பெரும்பாலும் ஏற்றத்தின் பாதிதான்.

காற்று குளிர்விக்கும், ஆனால் கூலியும் கேட்கும். வேகம் கூடக் கூட காற்றை எதிர்த்துப் போக வேண்டிய ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 20-லிருந்து 30 கிலோமீட்டருக்குப் போனால் காற்றுக்கென்று செலவாகும் ஆற்றல் மட்டும் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். தனியாக 30-ல் போய் நாக்குத் தள்ளிய பிறகு, நாலு பேர் வரிசையாக ஒருவர் பின் ஒருவர் போகும் அருமை தெரியும்.

அன்றாட சாகசம் என்று பார்த்தால் சைக்கிளை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. ஒரு மணி நேரத்தில் ஓட்டக்காரர் பார்க்கும் அதே நாலு தெருவுக்குப் பதில் ஊர் எல்லையைத் தாண்டிவிடலாம். பஞ்சர் ஆகும், செயின் கழன்று கை கறுப்பாகும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும் நேரமாகப் பார்த்து ஒரு பூச்சி உள்ளே போகும். ஒருமுறை ஹெல்மெட்டின் காற்றுத் துளை வழியாக ஒரு தேனீ நுழைந்துவிட்டது. அன்றைய கடைசி அரைக் கிலோமீட்டரில் நான் காட்டிய வேகத்தை இன்றுவரை மறுபடி எட்டவில்லை. ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: மாற்று டியூபும் பம்பும் இல்லாமல் வெயில் காலத்தில் தூரம் போகாதீர்கள். பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடுவெயிலில் 6 கிலோமீட்டர் நடப்பது விளையாட்டில் சேர்த்தி இல்லை.

நீச்சலைப் பற்றி எனக்கு இரண்டு மனம். சுகத்தில் அதற்கு ஈடில்லை. தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு அளவுக்கு வெப்பத்தைக் கடத்துகிறது. போட்டிக் குளங்களின் நீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக நீச்சல் அமைப்பின் விதி. அந்த நீரில் உடம்பு சூடாகச் சந்தர்ப்பம் குறைவு. மூட்டுகளுக்கும் இதம். ஆனால் அதே காரணத்தால் வெயிலைப் பற்றி அது உடம்புக்கு ஒன்றும் கற்றுத்தருவதில்லை. நான் மலைப்பாதையில் திணறியதற்குக் காரணம் குளத்தில் கழித்த அந்த ஆறு வாரம்தான். மூச்சு நன்றாக இருந்தது, தோள் வலுவாக இருந்தது. வெயில் மட்டும் புதிதாக இருந்தது.

குளத்தில் தாகமும் தெரியாது. நீருக்குள்ளும் வியர்க்கும் என்பதை யாரும் நம்பமாட்டார்கள். நீரின் அழுத்தம் கைகால் ரத்தத்தை மார்புப் பக்கம் தள்ள, உடம்பில் நீர் மிதமிஞ்சிவிட்டதாக எண்ணிச் சிறுநீரகம் அதை வெளியேற்றும். ஒரு மணி நேரம் நீந்தியவர் அவசரமாக எங்கே ஓடுகிறார் என்பதற்கு விடை இதுதான். திறந்த குளமென்றால் வெயிலும் சும்மா விடாது: அரை மீட்டர் ஆழத்தில்கூட நீர்மட்டத்தில் உள்ள புற ஊதாக் கதிரில் 40 சதவீதம் இருக்கும். முதுகு கருகிய பிறகு இதைத் தெரிந்துகொண்டவன் நான்.

ஏரி, ஆறு, கடல் என்றால் கோடைத் தொடக்கம்தான் ஆபத்தான பருவம். காற்று சூடான வேகத்தில் நீர் சூடாவதில்லை. மேலே ஒரு முழம் வெதுவெதுப்பாக இருந்து, கீழே சில்லென்று இருக்கலாம். சூடேறிய உடம்போடு சட்டென்று குதித்தால் நம்மை மீறி மூச்சை இழுப்போம். அந்த நொடி முகம் நீருக்குள் இருந்தால் எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் உதவாது. இறங்கி, கையும் முகமும் நனைத்து, மூச்சு அமைதியான பிறகு நீந்துங்கள். தனியாக வேண்டவே வேண்டாம்.

நேரம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். விடியற்காலை வெப்பநிலை குறைவு, ஈரப்பதம் உச்சம். மாலையில் உடம்பு துடிப்பாக இருக்கும், தரை மட்டும் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். நான் ஓட்டத்தைக் காலைக்கும் நீச்சலை மாலைக்கும் ஒதுக்கிவிட்டேன். இருட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். 2019-ல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். கிளம்பிய 68 பேரில் 28 பேர் பாதியில் விலகினார்கள். சூரியன் இல்லை, புழுக்கம் இருந்தது.

தண்ணீர் விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே அளவு சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் நடுவில் குடித்தது போக இன்னும் ஒரு லிட்டர் கடன். இரண்டு மூன்று நாள் பார்த்தாலே உங்கள் அளவு பிடிபட்டுவிடும். எனக்கு ஓட்டத்தில் அதிகம், சைக்கிளில் நினைத்ததைவிட அதிகம், நீச்சலில் கொஞ்சம். அதற்காகப் பயந்துபோய்க் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002-ல் பாஸ்டன் மாரத்தான் முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்கு சோடியம், அதாவது ரத்தத்தின் உப்பு, இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது; அளவுக்கு மீறிக் குடித்த நீர் அதை நீர்க்கச் செய்துவிடுகிறது. நெடுநேரம் வியர்த்தால் நீரில் கொஞ்சம் உப்பும் சேரட்டும். முதல் அயர்ன்மேனில் இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்குத் தண்ணீர் தீர்ந்துபோய் உதவியாளர்கள் பீர் கொடுத்தார்கள். அந்த வழி வேண்டாம்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால், முதல் 15 நாளுக்கு நான் ஓட்டத்தின் பக்கம். அதுவும் வீராப்பான ஓட்டம் இல்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் 20 நிமிடத்தில் தொடங்கி, மெல்ல 50 நிமிடம்வரை. முழங்காலில் பழைய தொல்லை உள்ளவர்கள் அதற்குப் பதில் வேகமாக நடக்கலாம்; மேடு உள்ள பாதையாக இருந்தால் இன்னும் நல்லது. தலை சுற்றினால், வெயிலில் மயிர்க்கூச்செறிந்தால், பேச்சு குழறினால் அன்றைக்கு அதோடு நிறுத்தி நிழலுக்குப் போய் உடம்பை நனையுங்கள். பேச்சு குழறியவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவிக்கும் அழையுங்கள். 15 நாளுக்குப் பிறகு சைக்கிளை எடுங்கள், ஏற்றங்களில்கூடக் கால் நிற்காது. குளம் எங்கும் போய்விடாது.

இந்த வருடம் இதைத்தான் செய்தேன். முதல் நாள் இதயத் துடிப்பு 150-ஐத் தாண்டாமல் ஓடியதில் ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 10 நொடி ஆனது. ஒரு அம்மா தன் குழந்தையின் சைக்கிளோடு என்னைக் கடந்துபோனார். 14-ம் நாள் அதே பாதையில், அதே துடிப்பில், 6 நிமிடம் 25 நொடி. அந்தக் குழந்தையை இன்னும் முந்த முடியவில்லை.