கை எக்ஸ்ரேயா, காரை எலும்பா? வயதைச் சொல்லும் படங்களில் எதை எங்கே நம்பலாம்

சான்றிதழில் ஒரு வயது, ஆளைப் பார்த்தால் வேறு வயது. கிரிக்கெட் தேர்வாக இருந்தாலும் சரி, நீதிமன்றமாக இருந்தாலும் சரி, இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் கடைசியில் பிள்ளையை ஸ்கேன் அறைக்குத்தான் அனுப்புகிறார்கள். எந்த எலும்பை எந்தக் கருவியில் படம் எடுப்பது என்பதில் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: கை எக்ஸ்ரே, மணிக்கட்டு எம்.ஆர்.ஐ., பல் எக்ஸ்ரே, காரை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு) சி.டி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் எதுவும் 'இவனுக்கு வயது 17' என்று சொல்லாது. ஒரு வயது வரம்பின் கோட்டைத் தாண்டிவிட்டானா என்பதை மட்டும் சொல்லும். அதுவும் அந்த எலும்பு முதிர்கிற வயதுக்குப் பக்கத்தில் அந்தக் கோடு இருந்தால்தான்.

பழையதும் மலிவானதும் கை எக்ஸ்ரேதான். இடது உள்ளங்கையைத் தட்டின் மேல் கவிழ்த்து, விரல்களைச் சற்றே விரித்து வைத்து ஒரு படம். வளர்கிற பிள்ளையின் முன்கை எலும்பு முடிகிற இடத்தில், எலும்புக்கும் அதன் தொப்பி போன்ற நுனிக்கும் நடுவே ஒரு கறுப்பு இடைவெளி தெரியும். அதுதான் வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது, அதனால் கறுப்பு. வயது ஏற ஏற அது மெலிந்து, நடுவில் பாலம் கட்டி, கடைசியில் ஒரு வெள்ளைக் கோடாக மட்டும் மிஞ்சும். இதைத்தான் எலும்பு இணைந்தது, மூடியது என்பார்கள்.

இதைப் படிக்க இரண்டு முறைகள். முதலாவது, கிரூலிச்–பைல் படத்தொகுப்பு. கையிலிருக்கும் படத்தைப் புத்தகத்தில் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, எது அதிகம் ஒத்துப்போகிறதோ அந்த வயதை எழுதுவது. சில நிமிட வேலை. அதனால்தான் இன்றும் ரேடியாலஜிஸ்டுகளின் மேசையில் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்கள் 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் எடுத்தவை. 1959இல் வந்த இரண்டாம் பதிப்பைத்தான் உலகமே புரட்டுகிறது. தவிர, பதின்ம வயதில் ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளேயே எலும்பு வயது ஒரு வருடம் முன்னே பின்னே இருப்பது சர்வசாதாரணம்.

இரண்டாவது டானர்–வைட்ஹவுஸ் முறை. 2001இல் வந்த மூன்றாம் வடிவத்தை டி.டபிள்யூ.3 என்பார்கள். முன்கை எலும்புகள் இரண்டு, கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் வரிசை எலும்புகள் பதினொன்று, ஆக 13 எலும்புகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. வேலை அதிகம். ஆனால் இரண்டு பேர் படித்தால் விடை கிட்டத்தட்ட ஒத்துவரும். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு இதைத்தான் வைத்திருக்கிறது. பொருத்தமான தேர்வுதான். ஏனென்றால் டி.டபிள்யூ.3 கணக்கு பையன்களுக்கு 16.5 வயதோடும் பெண்களுக்கு 15 வயதோடும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமே இல்லை. கிரிக்கெட்டின் கோடு அந்த முடிவுக்கு ஒட்டியே இருக்கிறது. சங்கடம் ஒன்றே ஒன்று: சீக்கிரம் வளர்ந்துவிட்ட, உண்மையிலேயே 15 வயதுப் பையன் வெளியே போவான். அவன் பொய் சொல்லவில்லை, அவன் எலும்பு அவசரப்பட்டுவிட்டது. அவன் வீட்டுக்கு அதை எப்படிப் புரியவைப்பது?

கால்பந்து வேறு வழியில் போனது. ஃபிஃபா 2009ஆம் ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து மணிக்கட்டு எம்.ஆர்.ஐ.யைக் கொண்டுவந்தது. கதிர்வீச்சே இல்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். (என்னைக் கேட்டால் கை எக்ஸ்ரேயின் கதிர்வீச்சைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. அது சுமார் 0.001 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே நாம் வருடத்துக்குச் சராசரியாக 2.4 வாங்குகிறோம். ஆனால் நோயே இல்லாத பிள்ளைக்கு எதற்குக் கதிர் என்ற கேள்வி நியாயமானது.) முன்கை எலும்பின் நுனி எவ்வளவு இணைந்திருக்கிறது என்று ஆறு நிலைகளாகப் பிரிப்பார்கள். முழுக்க இணைந்த ஆறாம் நிலை 17 வயதுக்குக் கீழே மிக அபூர்வம். 2007இல் வெளியான ஆய்வில் 16 வயதுப் பையன்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம்தான் அது தெரிந்தது. ஆக, ஆறாம் நிலை வந்தால் ஆள் வெளியே.

இதன் அழகே இது ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி என்பதுதான். நிஜமான 16 வயதுப் பையனை அநேகமாகத் தொடாது. 18 வயதாகியும் மணிக்கட்டு இணையாதவன் தப்பித்துவிடுவான், அது தெரிந்தே விட்ட ஓட்டை. அப்படியிருந்தும் பிடிபடுகிறவர்கள் கொஞ்சமில்லை. 2023 ஜனவரியில் கேமரூன் தன் 17 வயதுக்குட்பட்டோர் அணியைச் சோதித்தபோது 30 பேரில் 21 பேர் தோற்றார்கள். பெண்களுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. அவர்களுக்கு மணிக்கட்டு முன்கூட்டியே மூடிவிடுவதால் நிஜமான 16 வயதுப் பெண்ணே ஆறாம் நிலையில் நிற்கலாம். விளையாட்டுக்கு எது என்றால், பணமும் கருவியும் இருந்தால் பையன்களுக்கு எம்.ஆர்.ஐ., மாவட்ட அளவில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் எக்ஸ்ரே.

பல் எக்ஸ்ரேயைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. சின்ன வயதில், அதாவது ஞானப்பல் தவிர மற்றப் பற்களின் வேர் வளர்ந்துகொண்டிருக்கும்போது, அது எலும்பைவிட நன்றாகவே வேலை செய்யும். 16க்குப் பிறகு வளர மிஞ்சியிருப்பது ஞானப்பல் மட்டும்தான். அது சிலருக்கு முளைக்கவே முளைக்காது, இருப்பவர்களுக்கும் ஆளுக்கு ஆள் மாறும். துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தனியே நம்பக்கூடாது.

உண்மையான சிக்கல் 18 என்ற கோட்டில்தான். இந்தியாவில் சிறார் நீதிச் சட்டம், 2015இன் 94ஆம் பிரிவு முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கேட்கிறது. இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. வரிசை சரியானதே. ஆனால் நடைமுறையில் அந்தப் பரிசோதனை பெரும்பாலும் மூட்டுகளின் எக்ஸ்ரேயாகவே முடிகிறது. கையோ முழங்கையோ 18ஐச் சுற்றிப் பேச வல்லவை அல்ல. முழங்கை அதற்கு வெகு முன்பே மூடிவிடும், கையும் 17 வயதிலேயே மூடிவிடுவதுண்டு. 1982இல் ஜயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு பக்கமும் இரண்டு வருடம் தவறலாம் என்று சொன்னது. அப்படியானால் '17 முதல் 19' என்று வருகிற அறிக்கை யாருக்குச் சாதகம்? குற்றம் சாட்டப்பட்டவனின் வயது என்றால் சந்தேகத்தின் பலன் அவனைச் சிறுவன் பக்கம் தள்ளும். போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் வயது என்றால் அதே பலன் அவளைப் பெரியவளாக்கிவிடும். டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல் மேல் எல்லையையே எடுக்க வேண்டும் என்றது. ஒரே மாதிரிப் படம், ஒரே மாதிரி எண், எதிரெதிர் விளைவு.

இங்கேதான் காரை எலும்பு வருகிறது. கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்பைத் தொடும் அதன் உள்முனைதான் உடம்பிலேயே கடைசியாக இணைகிற வளர்ச்சித் தட்டு. இருபதுகளிலும் அது நடந்துகொண்டிருக்கும். ஜெர்மன் சட்ட மருத்துவர்கள் இதை ஐந்து நிலைகளாகப் பிரித்து, மூன்றாம் நிலையை மேலும் ஏ, பி, சி என்று உடைத்திருக்கிறார்கள். 3சி நிலை, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இணைந்து இன்னும் முழுதாக மூடாத நிலை, அவர்கள் பார்த்தவரை 19 வயதுக்கு முன் யாரிடமும் இல்லை. 18 என்ற கோட்டுக்கு இதைவிட நல்ல எலும்பு கிடையாது. விலையும் உண்டு: சி.டி.யின் கதிர்வீச்சு அரை மில்லிசீவர்ட் அளவுக்குப் போகும், கை எக்ஸ்ரேயைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. படமும் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய துண்டுகளாக இருக்க வேண்டும். வழக்கமான நெஞ்சு சி.டி.யின் தடித்த துண்டுகளை வைத்துப் படித்தால் நிலை மாறிப்போகும்.

அதனால்தான் ஜெர்மன் முறையில் முதலில் கை எக்ஸ்ரே. வளர்ச்சி முடியவில்லையென்றால் அதோடு நிறுத்தம், காரை எலும்புக்குப் போவதே இல்லை. கை முழுக்க மூடியிருந்தால் மட்டும் சி.டி. அதிலும் 3சிக்குக் கீழே எது வந்தாலும் 18ஐத் தாண்டிவிட்டதாகப் படத்தை வைத்து எழுத இடமில்லை.