லிப்போ பேட்டரி: ஒவ்வொன்றாகச் சார்ஜ் செய்வதா, இணையாகச் சேர்த்தா?

மாதிரி விமானத்துக்கான 2200 மில்லி ஆம்பியர்-மணி, மூன்று செல் லிப்போ (லித்தியம்-பாலிமர்) பேட்டரிகள் நான்கை ஒவ்வொன்றாக 2.2 ஆம்பியரில் பேலன்ஸ் சார்ஜ் (எல்லாச் செல்களும் ஒரே வோல்ட்டில் நிரம்பும்படி சார்ஜ்) செய்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பல பேட்டரிகளை இணையாக (parallel) ஒரே சார்ஜரில் சேர்க்கும் இணைப்புப் பலகையில் நான்கையும் செருகி 8.8 ஆம்பியர் கொடுத்தால் எல்லாம் அதே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு 110 வாட்டுக்கு மேல் தரும் சார்ஜர் வேண்டும்.

நேரம் மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆயினும் இந்த பேட்டரிகளின் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால், 4.1 வோல்ட்டில் உள்ள செல்லையும் 3.6 வோல்ட்டில் உள்ள செல்லையும் இணைத்த நொடியிலேயே, சார்ஜரின் கட்டுப்பாடு எதுவுமின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெருமின்னோட்டம் பாய்கிறது. தடித்த கம்பிகள் கொண்ட முதன்மை முனைகளுக்கு முன்னதாக, ஒவ்வொரு செல்லிலிருந்தும் மெல்லிய கம்பிகளாக வரும் பேலன்ஸ் முனைகளைச் செருகிவிட்டதால், மெல்லிய வெள்ளைக் கம்பியின் உறை சுருங்கி உருகியதை நான் என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். சேர்க்கும் எல்லா பேட்டரிகளிலும் செல் எண்ணிக்கை சமமாக இருப்பதும், செல்களுக்கிடையே வேறுபாடு 0.1 வோல்ட்டுக்குள் அடங்குவதும் கட்டாயம்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: இணையாகச் சேர்த்தால் திரையில் தெரிவது நான்கு பேட்டரிகளுக்கும் பொதுவான அளவே என்பதால், நலிந்த செல் மற்றவற்றின் பின்னால் மறைந்துவிடுகிறது. தனியாகச் சார்ஜ் செய்யும்போதோ, ஒரு செல் மட்டும் முழு சார்ஜ் அளவான 4.20 வோல்ட்டை முந்திக்கொண்டு எட்டுவது உடனே கண்ணில் படும். ஆகவே புதியதையும், சற்றே உப்பியதாகச் சந்தேகப்படுவதையும் நான் பலகையில் செருகுவதே இல்லை.