எம்எம்எஸ்இ-யா, மோகாவா? மறதி நோய்க்கு எந்தச் சோதனை

எம்எம்எஸ்இ (MMSE), மோகா (MoCA) இரண்டும் நினைவையும் சிந்திக்கும் திறனையும் கேள்விகளால் அளக்கும் சிறு சோதனைகள். இரண்டுக்கும் மொத்தம் 30 மதிப்பெண்தான். ஆனால் இதில் வாங்கும் 25-உம் அதில் வாங்கும் 25-உம் ஒன்றல்ல.

எல்லைக்கோடு
எம்எம்எஸ்இ: 24-க்குக் கீழே போனால் சந்தேகம்.
மோகா: 26-க்குக் கீழே.

நினைவு
எம்எம்எஸ்இ: 3 சொல், நடுவே ஒரு கழித்தல் கணக்கு, உடனே திருப்பிக் கேட்பார்கள்.
மோகா: 5 சொல், ஏறத்தாழ 5 நிமிட இடைவெளி. குறிப்புக் கொடுத்தபின் சொன்னால் மதிப்பெண் இல்லை. ஆனாலும் குறித்து வையுங்கள். குறிப்புத் தந்தும் வராவிட்டால் சொல் பதியவே இல்லை எனலாம். வந்துவிட்டால் பதிந்ததை எடுப்பதில்தான் சிக்கல்.

வரைதல்
எம்எம்எஸ்இ: ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்கள், பார்த்து வரைந்தால் போதும்.
மோகா: 11 மணி 10 நிமிடம் காட்டும் கடிகாரம். பெரிய முள் 2-இல் நிற்க வேண்டும். திட்டமிடும் திறன் தளர்ந்தவர் காதில் விழுந்த ‘10’-லேயே வைத்துவிடுவார். எம்எம்எஸ்இ கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

படிப்பு
எம்எம்எஸ்இ: அதிகம் படித்தவர் நோயிருந்தும் தேறிவிடுவார்.
மோகா: 12 ஆண்டோ அதற்குக் குறைவோ படித்தவருக்கு 1 மதிப்பெண் கூட்டுவார்கள். பள்ளிக்கே போகாதவருக்கு அது போதாது, படிக்காதவருக்கென உள்ள மோகா-பேசிக் வடிவத்தை எடுங்கள்.

தடுமாற்றம் லேசாகத் தொடங்கியவருக்கு மோகா. நோய் முற்றியவரின் போக்கைக் கவனிக்க எம்எம்எஸ்இ. மோகாவில் அவர் மதிப்பெண் சீக்கிரமே அடிமட்டத்துக்குப் போய்விடும், அதன்பின் வரும் சரிவு தெரியாது. எதுவானாலும் கண்ணாடியும் காதுக்கருவியும் மாட்டியபின் தொடங்குங்கள். மனச்சோர்வும் மதிப்பெண்ணைக் குறைக்கும்.