நான்கு வருடமாக என்னை ஆணாக்கும் ஆப்

ஸ்லோவாக்கியாவில் நான் இருக்கும் நித்ரா நகருக்கு அடுத்த மாதம் குடிவரப் போகும் தோழி நேற்று இரவு கேட்டிருந்தாள்: "நீ வைத்திருக்கிற மொழிபெயர்ப்பு ஆப் இப்போது பாதி விலையில் கிடைக்கிறது. ஒரு வருடச் சந்தா கட்டிவிடட்டுமா?" கட்டாதே என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். "நீ மட்டும் தினமும் அதைத்தானே பயன்படுத்துகிறாய்?" என்று திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் ஒரு சொல்லில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கணவருக்குக் கார்த் தொழிற்சாலையில் வேலை. ஸ்லோவாக்கியா வந்து நான்கு வருடம் ஆகிறது. வந்த வாரமே சந்தா கட்டினேன். தமிழில் எழுதி ஸ்லோவாக்கில் எடுத்தால் வாக்கியம் கந்தலாகிவிடும். ஆகவே ஆங்கிலத்தில் தட்டி ஸ்லோவாக்கில் எடுப்பதே என் பழக்கம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லின் வால்களை இந்த ஆப் அருமையாகப் பிடிக்கிறது. ஸ்லோவாக்கில் ஆறு வேற்றுமை. ஊரின் பெயர் நித்ரா. நித்ராவில் என்றால் 'வ் நித்ரெ', நித்ராவுக்கு என்றால் 'தோ நித்ரி'. உருபு சேர்த்துப் பேசி வளர்ந்த நமக்கு இது பிடிபட்டுவிடும். ஆனால் மேசை ஆண், நாற்காலி பெண், ஜன்னல் இரண்டுமில்லை என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பால் இருக்கிறதே, அதோடு உருபையும் சேர்த்து நினைவில் வைக்க எனக்கு இன்னும் முடியவில்லை. ஆப் அதில் சறுக்கி நான் பார்த்ததே இல்லை. மின்கட்டண ரசீது, மருந்துப் பெட்டி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் கேமராவைக் காட்டியே படித்துவிட்டேன்.

இனி என் கோபம்.

முதல் வருடம் மகளுக்குக் காய்ச்சல். மருத்துவமனைக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. மறுநாள் காலை, 'நேற்று வந்திருந்தேன், மூடியிருந்தது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் தட்டி, ஆப் கொடுத்ததை அப்படியே எஸ்எம்எஸ் அனுப்பினேன். 'பான்' என்று விளித்துப் பதில் வந்தது. பான் என்றால் திருவாளர். ஸ்லோவாக்கில் 'இருந்தேன்' என்பதை ஆண் 'போல் சொம்' என்பான், பெண் 'போலா சொம்' என்பாள். தமிழில் வந்தான், வந்தாள் என்று பிரித்தாலும் 'வந்தேன்' இருவருக்கும் ஒன்றே. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஆப் என்னைக் கேட்காமல் ஆணாக்கிவிட்டது. என் பெயரும் உதவவில்லை. இங்கே பெரும்பாலான பெண்களின் குடும்பப் பெயர் 'ஓவா' என்று முடியும், என் பெயரில் அது இல்லை. அப்பா வருவார் என்று காத்திருந்த தாதி, குழந்தையோடு நான் போய் நின்றதும் நீங்கள் யார் என்று கேட்டாள். தாய் என்று சொல்ல எனக்கு அன்று அந்த மொழியில் ஒரு சொல்தான் தெரியும். அதைச் சொன்னேன்.

அன்றிலிருந்து இன்றுவரை இதேதான். களைப்பாக இருக்கிறேன் என்றால் 'உனவெனீ'. நான் 'உனவெனா' அல்லவா? ஒருதடவை திருத்தினால் அடுத்த வாக்கியத்தில் மறுபடி ஆண். நான் பெண் என்று எங்கேயாவது குறித்துவைக்க ஓர் இடம் இருக்கிறதா என்று அமைப்புகள் முழுக்கத் தேடினேன். இல்லை. மரியாதை வடிவம் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் உண்டு, ஜெர்மன் மொழிக்கு மட்டும். ஸ்லோவாக்குக்கு இல்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். நன்றி என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

அந்த மரியாதைதான் என் அடுத்த வருத்தம். ஸ்லோவாக்கில் நீ என்பது 'தி', நீங்கள் என்பது 'வி'. நம்மைப் போலவே ஒருவரைப் பன்மையில் பேசுவதுதான் மரியாதை, வினையும் பன்மைக்குப் போய்விடும், அதில் எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதே தெரியாது. 'வந்தீர்கள்' போலத்தான். யாரை எப்போது நீ என்று அழைக்கலாம் என்பதற்கும் முறை உண்டு. பெரியவர்தான் முதலில் அனுமதிக்க வேண்டும். இவ்வளவு நெருக்கமாக இரண்டு மொழிகள் இருக்க, நடுவில் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் வந்து நிற்கிறது. ஆப் தன் மனம்போல ஒருமுறை நீ என்கிறது, ஒருமுறை நீங்கள் என்கிறது.

உறவுச் சொல்லிலும் இதே கதை. அம்மாவின் சகோதரர் 'உயோ', அப்பாவின் சகோதரர் 'ஸ்த்ரீக்கோ'. இன்றைக்கு அந்த வேறுபாடு தேய்ந்துவருகிறது, ஆனாலும் சொற்கள் உயிரோடு இருக்கின்றன. தெரியாத ஆணைக் குழந்தைகள் உயோ என்று கூப்பிடும், நம் பிள்ளைகள் மாமா என்பதுபோல. பெண்ணாக இருந்தால் 'த்யெத்தா'. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே அங்கிள் ஆகி அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது என்ன மிஞ்சும்?

எங்கள் குடியிருப்பு பழைய கான்கிரீட் பலகைக் கட்டடம், பனெலாக் என்பார்கள். கீழ்வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருந்தார். என் மகள் அவரை த்யெத்தா என்பாள். முதல் கிறிஸ்துமஸுக்குத் தேன் ரொட்டி செய்து கொண்டுவந்தார். 'நீங்களே செய்தீர்களா?' என்று கேட்க நினைத்து, போனைப் பார்த்து வாசித்தேன். வாயிலிருந்து வந்தது 'நீயே செய்தாயா?' பாட்டி சிரித்துக்கொண்டு தலையாட்டினார். அதை நான் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

இந்த ஆப்பில் எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷமும் அந்தப் பாட்டியால்தான். மரபுத்தொடர்கள். தொடக்கத்தில் பூனையும் நாயுமாக மழை என்ற ஆங்கிலத் தொடரை அப்படியே பூனை, நாய் என்று மாற்றித் தந்தது. அதைப் படித்துக் காட்டியபோது பாட்டி வானத்தை நிமிர்ந்து பார்த்தார். இங்கே மழை பூவாளியிலிருந்து கொட்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஏதோ மேம்படுத்தினார்கள், அதன்பின் பிரமாதம். ஒரே கல்லில் இரண்டு பறவை என்று ஆங்கிலத்தில் தட்டினால், ஒரே அடியில் இரண்டு ஈ என்று சரியாகத் தருகிறது. நமக்கு அது மாங்காய். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் கிரேக்கம், இங்கே ஸ்பானிய கிராமம். காது கொடுக்காதவனிடம் பேசுவது சுவரில் பட்டாணி எறிவது, நம் செவிடன் காதில் ஊதிய சங்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் வந்துவிட்டால், நாம் ஓநாயைப் பேசினோம், ஓநாய் களத்துக்குப் பின்னால் நிற்கிறது என்பார்கள். ஆங்கிலத்தில் அங்கே சாத்தான் வருகிறது. நாம் நூறு ஆயுசு என்று வாழ்த்துவோம் என்று சொன்னேன். பாட்டிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு நான் படியிறங்கும்போதெல்லாம் ஸ்லோவாக்கில் நூறு வருடம் என்பார்.

எனக்குப் பிடித்தது 'ரோபிட் ஸ் கொமாரா சொமாரா'. கொசுவைக் கழுதையாக்குவது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்கிறோமே, அதேதான். கொமாரா, சொமாரா என்று எதுகைகூடத் தவறவில்லை.

'ரஸ் ஸ உஹோர்ஸ்கீ ரோக்' என்றும் ஒன்று. அத்திபூத்தாற்போல என்று பொருள். ஆப் இதையும் சரியாகவே ஆங்கிலமாக்கியது, ஆனால் நேர்ப்பொருளைக் கேட்டபோது ஹங்கேரிய வருடம் என்றது. அது தவறில்லை, ஆங்கிலத்தில் அதற்குமேல் வழியில்லை. 1918 வரை ஸ்லோவாக்கியாவை உள்ளடக்கியிருந்த பழைய ராஜ்யத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் உஹோர்ஸ்கோ. இன்றைய பக்கத்து நாடு மஜார்ஸ்கோ. இரண்டும் வேறு சொல், வேறு உணர்வு. ஆங்கிலம் இரண்டையும் ஹங்கேரி என்கிறது. இதைச் சொல்லித்தந்ததும் பாட்டிதான்.

இரண்டாம் வருடம், இனி என்னை 'தி' என்றே கூப்பிடு என்றார். எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை நீங்கள் என்றுதான் பேசினேன்.

போன மாதம் பாட்டி இறந்துவிட்டார். தலைநகர் பிரத்திஸ்லாவாவிலிருந்து அவர் மகள் வந்திருந்தார், ஐம்பது வயதிருக்கும், எனக்கு அறிமுகமில்லை. கையில் ஒரு அட்டை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'உங்கள் அம்மாவை நினைத்து வருந்துகிறேன். அவர்மேல் எனக்கு மிகுந்த பிரியம்' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். வந்ததைப் பார்த்தால் 'உங்கள் அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் 'உன் அம்மா'. அடுத்த வரி 'மல் சொம் யூ வெல்மி ராத்'. அவர்மேல் பிரியம் வைத்திருந்த ஓர் ஆண் எழுதிய வரி. அம்மாவை இழந்து நிற்பவரின் கையில் இதைக் கொடுத்திருந்தால்?

அன்று மாலையே சந்தாவை நிறுத்தினேன். நியாயமாகப் பார்த்தால் பத்தில் எட்டு மதிப்பெண் கொடுக்க வேண்டிய ஆப். உருபு பிசகாது, ரசீது படிக்கும், கொசுவையும் கழுதையையும் அறியும். இருந்தாலும் தோழிக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், காசு கட்டாதீர்கள். இலவசப் பதிப்பே கடைக்கும் ரசீதுக்கும் போதும். சொல்லை நுணுக்கமாகப் பார்க்க, ல்யுதோவித் ஷ்டூர் பெயரிலுள்ள மொழியியல் நிறுவனத்தின் அகராதித் தளம் இருக்கிறது, கட்டணமில்லை. 1843இல் இந்த எழுத்துமொழிக்கு வடிவம் கொடுத்தவர் ஷ்டூர். விளக்கமும் ஸ்லோவாக்கிலேயே இருப்பதால் முதலில் திணறும், ஆறு மாதத்தில் பழகும். நேரில் ஒருவரிடம் பேசும் வரியை மட்டும் எந்த ஆப்பிடமும் ஒப்படைக்காதீர்கள்.

அட்டையில் முதல் வரியில் 'வஷெய்', அதாவது 'உங்கள்', என்று மரியாதையோடு எழுதினேன். இரண்டாவது வரியை அகராதியைப் பார்க்காமல் எழுதினேன்: 'மலா சொம் யூ வெல்மி ரதா.' கீழே போய்க் கதவைத் தட்டினேன்.