தன்பாலின இணையருக்கான கூட்டுக் கணக்கு: ஒரு வங்கிச் சேவை மதிப்புரை

நானும் என் இணையரும் பெண்கள். சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் அண்மையில் கூட்டுச் சேமிப்புக் கணக்கு தொடங்கினோம்.

2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க உச்ச நீதிமன்றம் மறுத்த பின்னர், இத்தகைய இணையரின் உரிமைகளை ஆராய மத்திய அரசு அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பால்புதுமையினர் (தன்பாலின ஈர்ப்பாளர் உள்ளிட்ட LGBTQ+ சமூகத்தினர்) கூட்டுக் கணக்கு தொடங்கவோ, தம் இணையரை நாமினியாக நியமிக்கவோ எந்தத் தடையும் இல்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியது. உண்மையில் அதற்கு முன்பும் விதிகளில் தடை இருந்ததில்லை; இருந்ததெல்லாம் கவுண்டரில்தான்.

கணக்கு தொடங்குவதில் சிக்கல் எழவில்லை. ஆதார், பான் அட்டை, புகைப்படம் ஆகியவற்றைக் கொடுத்து, இருவரில் எவரும் பணம் எடுக்கலாம், ஒருவர் மறைந்தால் மற்றவர் தொடரலாம் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தோம். என் பெயரில் தனியாக இருந்த பழைய கணக்குக்கு அவரை நாமினியாக்க முயன்றபோதுதான், இரத்த உறவினர் பெயரையே எழுத வேண்டும் என்று எழுத்தர் பிடிவாதமாகக் கூறினார். அமைச்சகத்தின் அறிவிப்பை அச்சிட்டு எடுத்துச் சென்றிருந்ததால், மேலாளர் அதைப் படித்துவிட்டு மறுபேச்சின்றி ஒப்புதல் அளித்தார். செல்வோர் அந்தத் தாளை மறவாமல் கொண்டு செல்லுங்கள்.

கிளையில் எவரும் எடுத்துச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவரே அன்றி அதன் உரிமையாளர் அல்லர் என்பதால், சட்டப்படியான வாரிசுகள் பின்னர் அதைக் கோர முடியும். மணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருந்தாலும், வாரிசுரிமைச் சட்டம் எங்களை இணையராகக் காண்பதில்லை. வருமான வரியிலும் அதே நிலைதான்: கணவன் மனைவிக்கிடையே வழங்கும் அன்பளிப்புக்கு உள்ள விலக்கு எங்களுக்கு இல்லாததால், ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் ஒருவர் மற்றவருக்கு அன்பளிப்பாகத் தந்தால் பெற்றவர் வரி கட்ட நேரிடும்.

வீட்டு வாடகை, மளிகை, மின்கட்டணம் போன்ற பொதுச் செலவுகளுக்கு இந்தக் கணக்கு மிக வசதியானது. அதற்காகத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சேமிப்பு இணையருக்கே சேர வேண்டும் என்று விரும்புவோர், இரு சாட்சிகள் கையொப்பமிட்ட உயிலையும் தனியே எழுதி வைப்பது நல்லது; அதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.